ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு வைட்டல்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி தேவலையா என்று கேட்கச் சொன்னாள் உங்கள் தங்கை, கேட்டுவிட்டேன். அடுத்த வரியில் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை என்பதும் எனக்குத் தெரியும். அந்த வரி இந்தக் கடிதத்தில் இல்லை. தேட வேண்டாம்.

லிஃப்ட் ஓடவில்லை. இதை நான் தொலைபேசியில் சொன்னபோது நீங்கள் "அடடா" என்றீர்கள். அடடா போதாது. இந்தக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் எங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர் நீங்கள். "மேல போகப் போகக் காத்து மாப்பிள்ளை, கொசுவும் கிடையாது" என்றீர்கள். கொசுவுக்கு லிஃப்ட் தேவையில்லை என்பதை வந்த வாரமே தெரிந்துகொண்டோம். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. நான் எதையும் பெரிதுபடுத்துகிறவன் இல்லை. நினைவில் வைத்துக்கொள்கிறவன், அவ்வளவுதான்.

விஷயம் லிஃப்டோடு நின்றிருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன், மெக்கானிக்குக்குத்தான் எழுதியிருப்பேன். விஷயம் நீங்கள் இங்கே குடியிருப்போர் சங்கத்தின் தலைவராக இருந்தபோது போட்டுவிட்டுப் போன விதி. வேலை பார்த்த பண்டகசாலையில் உதிரி பாகங்களை எப்படித் தரம் பிரித்தீர்களோ அப்படியே எங்கள் குறைகளையும் பிரித்தீர்கள். ஆளாளுக்கு அவசரம், ரொம்ப அவசரம், தலை போகிற அவசரம் என்று எழுதுவதால் நிர்வாகக் கம்பெனிக்காரன் எதையும் படிப்பதில்லை, ஆகவே இனிமேல் ஒவ்வொரு குறைக்கும் ஐந்து ஆங்கிலச் சொற்களில் ஒன்றைப் போட வேண்டும் என்றீர்கள். டிஸைரபிள் என்று எழுதினால் பணம் மிஞ்சுகிற வருஷம் பார்க்கப்படும். இம்பார்ட்டன்ட் என்றால் கூட்டத்தில் பேசப்படும். நெசஸரி என்றால் ஆள் வந்து பார்ப்பான். எசென்ஷியல் என்றால் கையிருப்பில் இருக்கிற பொருளைக் கொண்டு பழுது பார்ப்பான். வைட்டல் என்று எழுதினால் மட்டும் அவசர நிதியைத் திறந்து, செலவு பார்க்காமல், அன்றைக்கே முடிப்பான். அதோடு விட்டீர்களா? ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு வைட்டல்தான், பொது இடத்துக் குறையானாலும் யாராவது ஒரு வீட்டுக்காரர் தன் வைட்டலைக் கொடுத்தாக வேண்டும் என்றீர்கள். "சொல்லுக்கு ஒரு மதிப்பு வேணும் மாப்பிள்ளை, அள்ளி விடக் கூடாது" என்று என் முதுகில் தட்டினீர்கள். நானும் கை தட்டினேன். ஆங்கிலத்தில் முதல் வகுப்பில் தேறியவன் நான். இருபது வருஷமாகக் காப்பீட்டுக் கம்பெனியின் கடிதப் பிரிவில் உட்கார்ந்து, டாக்டர் உங்களுக்குச் சொல்லியிருக்கும் சிகிச்சை அட்வைஸபிள்தானே ஒழிய நெசஸரி அல்ல, ஆகவே பணம் தருவதற்கில்லை என்று ஊருக்கெல்லாம் எழுதிக்கொண்டிருப்பவன். இந்த வித்தியாசங்கள் தெரிந்த ஒரு ஆள் இந்தக் கட்டடத்தில் உண்டென்றால் அது நான்தான் என்று அன்றைக்கு ஒரு கர்வம்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், உங்கள் வீட்டு வைட்டல் என்னவாயிற்று என்று. செலவாகிவிட்டது. எதற்கு என்பதை நியாயமாகக் கேளுங்கள். எங்களுக்கு மேலே ஆறாம் மாடியில் இருக்கிற ஓய்வுபெற்ற மாஜிஸ்திரேட் தன் பால்கனியில் ஒரு தோப்பையே வைத்திருந்தார். காலையில் அவர் தண்ணீர் ஊற்றுவார், மாலைவரைக்கும் எங்கள் பால்கனியில் சொட்டும். என்னைவிட வயதில் இளையவன், என் கடிதங்களைப் பார்த்து ஆங்கிலம் கற்றுக்கொண்டவன், எனக்கு மேலே பிரிவுத் தலைவனாகப் போடப்பட்டபோது நான் எழுதிய மேல்முறையீட்டை, இரண்டு வாரம் செதுக்கிச் செதுக்கிக் கையால் எழுதியதை, காற்றாட உட்கார்ந்து கடைசியாக ஒரு முறை படிக்கலாம் என்று பால்கனி மேஜையில் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது மை ஓடி, என் இருபது வருஷ சேவை நீலக் குளமாகக் கிடந்தது. மறுபடி எழுதிக் கொடுப்பதற்குள் தேதி முடிந்துவிட்டது. இது வைட்டல் இல்லையென்றால் வேறு எது வைட்டல்? எழுதினேன். அன்று மாலையே ஆட்கள் வந்து அத்தனை தொட்டிகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அவருடைய மறைந்த மனைவி வைத்த செடிகளாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கவில்லை; ஆகவே நான் இளக வேண்டிய தேவையும் ஏற்படவில்லை.

அது வருஷ ஆரம்பத்தில். அப்போது உங்கள் தங்கைக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்பது எங்களுக்குத் தெரியாது. இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். டயாலிசிஸ் முடிந்து வெளியே வருகிறவளை நீங்கள் பார்த்ததில்லை. பிழிந்து போட்ட துணி மாதிரி வருவாள். அவளை ஐந்து மாடி ஏற்ற வேண்டும்.

லிஃப்ட் நின்ற அன்றைக்கே நான் தரைத்தளத்தில் செயலாளரைப் பார்க்கப் போனேன். நீங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தபோது சாதாரணமாகத்தான் இருந்தார். இப்போது நாம் பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்து எடை போடுகிறார். கட்டடம் முழுக்க அவருக்குத் தராசு என்று பேர். எசென்ஷியல் என்று எழுதிக் கொடுத்தேன். தராசு சாய்ந்தது.

"எசென்ஷியல்னா என்ன சார்? அது இல்லாம கட்டடம் நடக்காதுன்னு அர்த்தம். கட்டடம்தான் நடக்குதே."

"கட்டடம் நடக்குதுய்யா. என் வீட்டுக்காரியால நடக்க முடியல."

"அது உங்க வீட்டு விஷயம். நான் கட்டடத்தைச் சொல்றேன். படிக்கட்டு இருக்குல்ல?"

"சரி, குரூஷியல்னு போட்டுக்குங்க."

"அது பேப்பர்காரங்க வார்த்தை சார். விளையாட்டுப் பக்கத்துல போடுவாங்க."

"இம்பரேட்டிவ்?"

"யாருக்கு சார் உத்தரவு போடறீங்க?"

"இன்டிஸ்பென்ஸபிள்?"

"அது ஆளுங்களுக்குச் சொல்றது. வேலையை விட்டு அனுப்புற அன்னிக்கு, மாலை போட்டுட்டு."

"அர்ஜென்ட்டுன்னாவது எழுதித் தொலைங்கய்யா!"

"அவசரம் வேற, முக்கியம் வேற சார். உங்க மச்சான் இதுக்குன்னே ஒரு மணி நேரம் பேசினாரு. நீங்ககூட முன் வரிசையில உக்காந்து தலையாட்டினீங்களே."

கடைசியில் பெரிய மனசு பண்ணி நெசஸரி என்று வாங்கிக்கொண்டார். ஆள் வந்து பார்த்தான். பார்க்கத்தானே நெசஸரி! கன்ட்ரோல் போர்டு எரிந்துபோயிருக்கிறது, புதிதாக வெளியிலிருந்து வாங்க வேண்டும், "பாகம் வந்தா அரை மணி நேர வேலைதான் அக்கா" என்று உங்கள் தங்கையிடம் ஆறுதல் சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனான். வெளியிலிருந்து வாங்க அவசர நிதி திறக்க வேண்டும். அவசர நிதிக்கு ஒரு வைட்டல் வேண்டும். வீடு வீடாகப் போனேன். கீழ் மாடிக்காரர்களுக்கு லிஃப்ட் எங்கே இருக்கிறது என்றே மறந்துபோயிருக்கிறது. மூன்றாம் மாடிக்காரர், "தண்ணி மோட்டார் கெட்டுப்போனா அன்னிக்கு நான் யாருகிட்ட சார் போய் நிக்கிறது?" என்றார். எங்களுக்கு எதிர் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆறாம் மாடியில் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று இருக்கிறது. அவர்கள் இண்டர்நெட் ஒரு நாள் வராததற்குத் தங்கள் வைட்டலைக் கொடுத்துவிட்டார்களாம். படி ஏறினால் உடம்புக்கு நல்லது என்று எனக்குச் சொன்னார்கள். சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவினார்கள்.

உங்கள் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் சிரித்துக்கொண்டுதான் ஏறினாள். "மாடிக்கு ஒரு சிநேகிதி கிடைச்சாச்சுங்க. லிஃப்ட்ல போயிருந்தா இவங்களை எல்லாம் எப்பப் பாக்குறது" என்றாள். ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது ஒரு நாற்காலி போட்டார்கள். நாற்காலி போடுகிற கைகளுக்கு ஒரு வைட்டல் கொடுக்க மனசு வரவில்லை பாருங்கள். பிறகு சிரிப்பு இரண்டாம் மாடியோடு நின்றது. பிறகு பேச்சு நின்றது. ஒரு நாள் நான் தூக்கினேன். நாலைந்து படி ஏறியதும் என் கால் நடுங்குவது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இறக்கி விடுங்க. ரெண்டு பேரையும் யாரு தூக்குறது" என்றாள். அன்று மூன்றாம் மாடி நாற்காலியில் மாலைவரை உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் எங்களுக்கு வழிவிட்டுப் போனார்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாங்க. ஒரு தடவை போகாட்டி என்ன?"

ஒரு தடவை போகாவிட்டால் என்ன என்பது மறுநாள் தெரிந்தது. முகம் வீங்கி, கால் செருப்புக்குள் போகவில்லை. டாக்டர் அவளைத் திட்டவில்லை, என்னைத் திட்டினார். "தோணினா வர்ற இடம் இல்ல சார் இது. இன்னொரு தடவை இப்படி விட்டீங்கன்னா நுரையீரல்ல தண்ணி ஏறும்." நான் அந்த டாக்டரையும் நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே மாஜிஸ்திரேட் வீட்டுக்குப் போனேன். கட்டடத்தில் செலவாகாத வைட்டல்களில் ஒன்று அவரிடம் இருக்கிறது. லிஃப்ட் இல்லாதது அவருக்கு ஒரு குறையே இல்லை. அவர் இறங்குவதே இல்லை. கயிற்றில் ஒரு கூடையைக் கட்டி இறக்குகிறார், பாலும் பேப்பரும் ரொட்டியும் அதில் ஏறுகின்றன. தினமும் காலையில் என் கண் முன்னால் அது இறங்கி ஏறும். போகிறபோக்கில் உங்கள் தங்கையிடம் அவர் மேலிருந்து உடம்பை விசாரிப்பார், அவளும் பதில் சொல்வாள். அதை நான் தடுத்ததில்லை. ரசித்ததும் இல்லை.

கதவைத் திறந்தவர், "வாங்க வைட்டல் சார்! உக்காருங்க, நாற்காலி ஈரமில்ல" என்றார்.

உட்காராமலே விஷயத்தைச் சொன்னேன்.

"என் வைட்டலை நான் குளியலறைக்கு வச்சிருக்கேன்" என்றார். "எண்பது வயசுக்காரன் எங்க சார் விழுவான்? அங்கதான் விழுவான். தாழ்ப்பாளை உடைக்க ஒரு ஆள் அன்னிக்கே வரணுமில்ல? ஆனா அது எதுக்கு? உங்க வைட்டலே உங்களுக்குத் திரும்பக் கிடைக்குமே. விதியைக் கடைசிவரைக்கும் படிச்சீங்களா?"

நான் படிக்கவில்லை. நீங்கள் எழுதியது, நம்பினேன். சொல் தகுதிக்கு மீறியது என்று எழுதியவரே எழுத்தில் ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவரும் சம்மதித்தால், அந்தச் சொல் அவர் கணக்கில் திரும்ப வைக்கப்படும் என்று கடைசியில் ஒரு உட்பிரிவு வைத்திருக்கிறீர்கள். மாஜிஸ்திரேட் அந்த இடத்திலேயே ஒரு தாள் எடுத்து எனக்காக ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தார். தண்ணீர் சொட்டுவதை நிறுத்துவது வைட்டல் அல்ல, அட் மோஸ்ட் டிஸைரபிள். அட் மோஸ்ட்! மிஞ்சிப்போனால் என்று அர்த்தம்! "எனக்கு உங்க மேல கோவம் இல்ல சார். என் செடிங்க மேல ஒரு தீர்ப்பு இருக்கு. அதை ரத்து பண்ணிட்டுப் போங்க. அவ்வளவுதான்."

நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன். நெசஸரி வரைக்கும் இறங்கி வரலாம் என்று தோன்றியது. ஒரு மனிதனின் வாழ்நாள் மேல்முறையீடு நனையாமல் இருப்பது நெசஸரிகூட இல்லையா? திருத்தி எழுதி, மறுநாள் காலையில் கூடை ஏறும்போது அதில் போட்டேன். அடுத்த முறை கூடை இறங்கியபோது அதில் பதில் இருந்தது. நெசஸரியை அடித்துவிட்டு இம்பார்ட்டன்ட் என்று போட்டிருந்தார். பரவாயில்லை, மனிதர் ஒரு படி ஏறி வருகிறாரே என்று பார்த்தால், பக்கத்தில் பொடி எழுத்தில் டு ஹிம். இம்பார்ட்டன்ட் டு ஹிம்! அவனுக்கு மட்டும் முக்கியமாகப் பட்டதாம், கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை மாதிரி! டு ஹிம்மை அடித்து மேலே அனுப்பினேன். டு ஹிம்மோடு திரும்பி வந்தது. இப்படி எத்தனை தடவை அந்தக் கூடை போய்வந்தது என்று கணக்கில்லை. பால்காரன் ஒரு நாள் தெரியாமல் என் வரைவின்மேல் பாக்கெட்டை வைத்துவிட்டான், மறுபடி ஈரம். "பேனா இருக்கா, மேலேருந்து அனுப்பட்டுமா?" என்று அவர் மேலே நின்று கேட்கிறார்.

உங்கள் தங்கை பால்கனிக் கதவருகே நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கூடையில என்னை உக்கார வைங்களேன். காலையில இறக்கி சாயங்காலம் ஏத்திடலாம். உங்க ரெண்டு பேருக்கும் வேலையும் இருக்கும்" என்றாள். நான் சிரிக்கவில்லை. பிறகு அவளும் சிரிக்கவில்லை.

"எழுதிக் குடுத்துடுங்களேன். எதையோ ஒண்ணை எழுதிக் குடுங்க. யாரு படிக்கப் போறா?"

"நான் படிப்பேன்."

"நீங்க மட்டும்தான் படிப்பீங்க" என்றாள்.

இவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். அலுவலகத்தில் என்னைத் தாண்டி ஒருவன் போனான், விட்டுக்கொடுத்தேன். நீங்கள் கைகாட்டிய வீட்டை வாங்கினேன். சொல்லில் மட்டும்தான் நான் யாருக்கும் தாழ்ந்தவன் இல்லை. அதிலும் போய், எண்பது வயதுக் கிழவர் பொடி எழுத்தில் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போடு என்றால்? ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. விதியை எழுதியவர் நீங்கள். வைட்டலைத் திரும்பப் பெற நெசஸரி என்று ஒப்புக்கொண்டாலே போதுமானது, டிஸைரபிள்வரை இறங்க வேண்டியதில்லை, டு ஹிம் போன்ற ஒட்டுகள் செல்லாது என்று செயலாளருக்கு ஒரு வரி எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதுங்கள். வரைவு வேண்டுமென்றால் நானே எழுதி அனுப்புகிறேன். உங்கள் தங்கையின் உயிர் இந்த ஒரு வரியில் இருக்கிறது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் விசாரிப்புகள். குழந்தைகள் எல்லா நலமும் பெற்று, முடிந்தால் தரைத்தளத்திலேயே, நீண்ட காலம் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே உள்ளவற்றை நீங்கள் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். இந்தக் கடிதம் தபாலில் சேராமல் மேஜைமேல் கிடந்தது. தபால் பெட்டிக்குப் போக நானும் ஐந்து மாடி இறங்க வேண்டுமே. இடையில் அவள் இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இன்று விடிந்து பார்த்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வரவில்லையாம். என்னை எழுப்பவில்லை. ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன், பேச மூச்சில்லை என்று கையைக் காட்டினாள். நான் ஆறாம் மாடிக்குப் போய் அட் மோஸ்ட் டிஸைரபிள் என்பதற்குக் கீழேயே கையெழுத்துப் போட்டேன். மாஜிஸ்திரேட் தாளை வாங்கி, மடித்து, அவரே ஆறு மாடியும் படியில் இறங்கிப் போய்ச் செயலாளர் கையில் கொடுத்தாராம். அவளை நானும் மூன்றாம் மாடிக்காரரும் நாற்காலியோடு தூக்கி இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இயந்திரத்தில் தண்ணீரை எடுத்ததும் மாலைக்குள் மூச்சு சரியாகிவிட்டது. திரும்பி வரும்போது லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதில்தான் மேலே வந்தோம்.

வந்ததும் படுப்பாள் என்று பார்த்தேன். அலமாரியைத் திறந்து பெட்டியில் துணி வைத்தாள். உங்களோடு பேசி முடிவு பண்ணி இரண்டு நாளாகிறதாம், உங்கள் வீட்டில் தரைத்தளத்து அறையை ஒழித்து வைத்திருக்கிறீர்களாம். எனக்குத் தெரியாது. "லிஃப்ட்தான் ஓடுதே" என்றேன். "நல்லதாப் போச்சு, பெட்டி இறக்கறது சுலபம்" என்றாள். நானும் வருகிறேன் என்றேன். "நீங்க வரணும்னு ஒண்ணும் இல்லைங்க" என்றாள். வரத் தேவையில்லை என்கிறாயா, வர வேண்டாம் என்கிறாயா என்று கேட்டேன்.  "ரெண்டுல எது சின்ன வார்த்தையோ அதை எடுத்துக்குங்க" என்றாள்.

இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. நீங்கள் யாருக்கும் எதுவும் எழுத வேண்டியதில்லை. அவளுக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். "ஒரு வாய் குடிச்சா ஒண்ணும் ஆகாதுண்ணா" என்பாள், கொடுத்துவிடாதீர்கள், கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை. தலைக்கு உயரமாக வையுங்கள். இடது கையில்தான் ஊசி ஏற்றுகிறார்கள், ஆகவே எழுந்திருக்க உதவும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. வலது பக்கம் நின்றுகொண்டு தோளைக் கொடுங்கள். கையைப் பிடிக்க விடமாட்டாள், தோளைத் தொட்டுக்கொண்டு அவளே எழுந்திருப்பாள். நான் அப்படித்தான் நிற்பேன்.